கடற்கரை ஊரில் இருந்துகொண்டு, கல்லுப்பு சாப்பிட்டுக்கொண்டு, அயோடின் எப்படிக் குறையும்?

அலைவாய்க்கரை:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான கேள்வி, பொறுமையாகப் படித்துப் பதில் சொல்லுங்கள்.

எங்கள் ஊர் திருச்செந்தூர் பக்கம். மாடியில் துணி காயப்போடப் போனால் கடல் தெரியும். போன மாதம் மகளின் பள்ளியில் மருத்துவ முகாம் நடந்தது. அவள் ஆறாம் வகுப்பு. கழுத்தைத் தொட்டுப் பார்த்த டாக்டரம்மா, தைராய்டு லேசாகப் பெரிதாக இருக்கிற மாதிரி தெரிகிறதே, வீட்டில் என்ன உப்பு என்று அவளிடமே கேட்டிருக்கிறார். இவள் "கல்லுப்பு, வண்டியில் வரும்" என்று சொல்லியிருக்கிறாள். அயோடின் குறைவாக இருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு வாருங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே குழப்பம். நான் பள்ளியில் படித்தபோது அயோடின் குறைந்து தைராய்டு வீங்கும் முன்கழுத்துக் கழலை என்பது மலைவாசிகளுக்கு வருவது, கடலில்தான் அயோடின் இருக்கிறது என்று படித்த ஞாபகம். நாங்கள் கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். உப்பும் இங்கேயே விளைவதுதான். மாதம் ஒரு முறை டிவிஎஸ் 50இல் மூட்டை கட்டிக்கொண்டு வரும் அண்ணாச்சியிடம் படிக் கணக்கில் வாங்குகிறோம், என் மாமியார் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளில் இருந்து அதே பழக்கம்.

இன்னும் சில விவரங்கள், தேவைப்படலாம் என்று சொல்கிறேன். வீட்டில் சைவம், முட்டையும் கிடையாது. மகள் பால் குடிக்க மாட்டாள், தயிர் என்றால் எப்போதாவது. இரண்டு வருடமாகச் சிறுதானியத்துக்கு மாறிவிட்டோம், காலையில் பெரும்பாலும் கம்பங்கூழ் அல்லது கம்பு தோசை. சாலட், மோர் இதற்கெல்லாம் ரோஸ் கலர் இந்துப்பு. நல்லது என்று நினைத்துச் செய்ததுதான் எல்லாம். இதில் எது காரணம்? உப்பா, கம்பா, இல்லை இது பரம்பரையாக வருவதா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


வெள்ளைப்பாத்தி:

அக்கா, நான் தூத்துக்குடி உப்பளக் குடும்பம். அப்பா, தாத்தா எல்லாரும் பாத்தியில் உப்பு வாரியவர்கள். உப்பு விஷயம் மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

கடல் தண்ணீரையோ போர் போட்டு எடுக்கும் உவர் தண்ணீரையோ பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட விடுவோம். 25 டிகிரி அளவுக்கு வரும்போது (இது சூடு இல்லை, தண்ணீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே டிகிரி) உப்பு கட்டத் தொடங்கும். உப்பு இறங்க இறங்க மேலே நிற்கும் தண்ணீர் இன்னும் கெட்டியாகிக்கொண்டே போகும், 29, 30 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசியம் எல்லாம் சேர்ந்து உப்பு கசந்துவிடும், அதனால் அந்தக் கசப்புத் தண்ணீரை வெளியே திறந்துவிட்டுவிடுவோம். கடலில் இருந்த கொஞ்சநஞ்ச அயோடினும் பெரும்பாலும் அந்தத் தண்ணீரோடு போய்விடுகிறது. பாத்தியில் இருந்து வாரி அம்பாரமாகக் குவிக்கிற உப்பில் அயோடின் என்று சொல்லும்படி ஒன்றும் இருக்காது. இது தெரியாமல்தான் எங்கள் வீட்டிலேயே ரொம்ப நாள் பாத்தி உப்பையே அள்ளிக்கொண்டுவந்து சமைத்தோம். விளைகிற இடத்தில் இருக்கிறவனுக்கு அதைக் கடையில் காசு கொடுத்து வாங்க மனம் வருமா?

அயோடின் பின்னால் கம்பெனியில் சேர்ப்பது. பொட்டாசியம் அயோடேட்டைத் தண்ணீரில் கரைத்து, பெல்ட்டில் உப்பு ஓடும்போது மேலே தெளிப்பார்கள். சின்ன இடங்களில் கைத்தெளிப்பான் வைத்து அடித்து மண்வெட்டியால் புரட்டுவதும் உண்டு, அப்படிச் செய்தால் ஒரு மூட்டையில் அதிகமாகவும் அடுத்த மூட்டையில் ஒன்றுமே இல்லாமலும் போகும். ஈரமான கல்லுப்பு என்றால் தெளித்த அயோடின் நாள்பட மூட்டையின் அடிக்கு இறங்கிவிடும்.

அப்புறம் ஒன்று. ஐஸ் கம்பெனி, கருவாடு, தோல் பதனிடுதல், கெமிக்கல் ஆலை இதற்கெல்லாம் போகிற உப்புக்கு அயோடின் தேவையில்லை, சட்டமும் கேட்பதில்லை. அந்த மூட்டை விலை குறைவு. அதில் இருந்தும் தெருவுக்கு உப்பு வருகிறது. உங்கள் அண்ணாச்சி உங்களை ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை, அவருக்கும் உப்பு என்றால் உப்புதான். மூட்டையில் என்ன அச்சடித்திருக்கிறது என்று அடுத்த முறை பார்த்துவிடுங்கள்.


சோதனைக்குழாய்:

மேலே நண்பர் சொன்னதற்குக் கணக்கும் சேர்த்துவிடுகிறேன், உணவுப் பரிசோதனைக் கூடத்தில் 14 வருடம் வேலை பார்த்தவன் என்ற முறையில்.

ஒரு லிட்டர் கடல் நீரில் எல்லா உப்புகளும் சேர்ந்து சுமார் 35 கிராம். அதே லிட்டரில் அயோடின் 50, 60 மைக்ரோகிராம்தான். ஒரு துளிகூட வீணாகாமல் அத்தனையும் உப்பிலேயே தங்கியது என்று வைத்துக்கொண்டாலும், ஒரு கிராம் உப்பில் 2 மைக்ரோகிராம்கூட வராது. ஒருவர் நாளுக்கு 10 கிராம் உப்பு சாப்பிட்டாலும் (அவ்வளவு சாப்பிடக் கூடாது, 5 கிராமுக்குள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு) 20 மைக்ரோகிராம் தேறாது. பெரியவர்களுக்குத் தேவை 150. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மார்களுக்கும் 250. ஆகவே கடல் உப்பு என்ற பெயரில் கடல் இருக்கிறதே தவிர அயோடின் இல்லை. இந்துப்பும் அப்படித்தான், பாகிஸ்தானின் கேவ்ரா போன்ற சுரங்கங்களில் வெட்டியெடுப்பது, என்றோ வற்றிப்போன பழைய கடலின் உப்பு. அதன் ரோஸ் நிறம் இரும்பால் வருவது, அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நம் நாட்டுச் சட்டப்படி கடைக்கு வந்து சேரும்போது ஒரு கிராம் உப்பில் குறைந்தது 15 மைக்ரோகிராம் அயோடின் இருக்க வேண்டும், ஆலையில் அதைவிட அதிகம் இருக்க வேண்டும். இரண்டு அளவு ஏன் என்றால், வழியில் குறையும் என்று தெரிந்தே வைத்தது. மூட்டை வெயிலில் கிடப்பது, ஈரம், மாதக்கணக்கில் குடோனில் இருப்பது, பிறகு வீட்டில் அடுப்புக்குப் பக்கத்தில் மூடாத ஜாடி. ஒன்று கவனியுங்கள். கல்லுப்பில் மண் இருக்கிறது என்று கழுவி, கழுவின தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காயவைக்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. அயோடின் படிகத்தின் மேல்பரப்பில்தான் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கழுவினால் முதலில் போவது அதுதான். கரைத்து வடிகட்டி உப்புத் தண்ணீராகவே ஊற்றிச் சமைத்தால் அந்த நஷ்டம் இல்லை.

சரி, கடல் பக்கத்து மண்ணில் இருக்காதா என்றால், அதுவும் பெரிதாக நம்ப முடியாது. நிலத்தில் இருக்கும் அயோடினை மழை கரைத்துக்கொண்டுபோய்க் கடலில் சேர்க்கிறது, கடலில் இருந்து ஆவியாகி மழையோடு திரும்ப வருவது கொஞ்சம், அதுவும் மெதுவாக. பனிப்பாறைகள் வழித்துக்கொண்டுபோன இமயமலைச் சரிவுகளில் மிக மோசம், அதனால்தான் பாடப்புத்தகத்தில் மலை என்று வருகிறது. ஆனால் வருடா வருடம் வெள்ளம் அரித்துப்போகும் கங்கைச் சமவெளியிலும் பற்றாக்குறை உண்டு. நிலத்துச் செடிகள் அயோடினைத் தேடி எடுத்துச் சேர்த்துவைப்பதில்லை, மண்ணில் இல்லையென்றால் கீரையிலும் இல்லை, அந்தக் கீரையைத் தின்ற மாட்டின் பாலிலும் இல்லை. சேர்த்துவைப்பவை கடல்பாசியும் கடல் மீனும். பாம்பன், மண்டபம் பக்கம் பெண்கள் மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள், அது பெரும்பாலும் ஆலைக்குப் போகிறது, நம் தட்டுக்கு வருவதில்லை. உங்கள் வீட்டில் மீனும் இல்லை. ஆக, கடல் மாடியில் இருந்து தெரிகிறதே தவிர அதில் இருந்து உங்கள் சாப்பாட்டுக்கு எதுவும் வந்து சேரவில்லை.

என்னை ரொம்ப யோசிக்கவைத்த ஒரு விவரம். 2018-19இல் நாடு முழுக்க எடுத்த அயோடின் கணக்கெடுப்பில், போதுமான அயோடின் உள்ள உப்பு பயன்படுத்தும் வீடுகள் இந்திய அளவில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9, மாநிலங்களிலேயே கடைசி. நமக்குச் சற்று மேலே நிற்பவை ஆந்திரா, ராஜஸ்தான். மூன்றுமே உப்பு எடுக்கும் மாநிலங்கள். உப்பு விளையாத மாநிலத்துக்காரருக்கு ஆலை வழியாக, பாக்கெட்டில் வரும் உப்பு மட்டுமே கிடைக்கிறது. நமக்கோ வாசலிலேயே மூட்டை வந்து இறங்குகிறது.


கம்பங்கொல்லை:

நான் கொஞ்சம் வேறு பக்கம் நின்று பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நானே இயற்கை அங்காடி நடத்துகிறேன். பாக்கெட் தூள் உப்பில் கட்டி பிடிக்காமல் இருக்க என்னென்னவோ சேர்க்கிறார்கள், அதை நான் வீட்டில் அனுமதிப்பதில்லை. அயோடின் சட்டம் வந்தபோது வேதாரண்யம், மரக்காணம், தூத்துக்குடி என்று எல்லா இடத்திலும் சின்ன உற்பத்தியாளர்கள் எவ்வளவு கஷ்டப்பட்டார்கள் என்று எனக்குத் தெரியும். உப்புக்காக நடந்தே போராடிய நாடு இது. நம் தாத்தா பாட்டிகள் கல்லுப்பு சாப்பிட்டு நன்றாகத்தானே இருந்தார்கள்? இன்றைக்கு வீட்டுக்கு ஒருவர் தைராய்டு மாத்திரை போடுகிறார்கள், அதுவும் இந்த அயோடின் உப்பு வந்த பிறகுதான் என்று பலர் சொல்கிறார்கள். கம்பைக் குறை சொல்வதும் எனக்கு ஏற்பில்லை. தெரிந்தவர்கள் விளக்கினால் கேட்டுக்கொள்ளத் தயார்.


சோதனைக்குழாய்:

கம்பங்கொல்லை, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அதில் இரண்டு மூன்று விஷயங்கள் பின்னிக்கிடக்கின்றன.

சின்ன உற்பத்தியாளர்கள் பட்ட கஷ்டம் உண்மை. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக் கூடாது என்று 1998இல் தடை வந்து, 2000த்தில் மத்திய அரசே அதை விலக்கிக்கொண்டு, 2005இல் மறுபடி அறிவித்து, 2006 மே மாதம் முதல் நடைமுறைக்கு வந்தது. 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது, ஆனால் உடனே நிறுத்தவில்லை, 6 மாத அவகாசம் கொடுத்தது. அதற்குள் புதிய உணவுப் பாதுகாப்பு விதிமுறையில் அதே கட்டுப்பாடு இடம்பெற்றுவிட்டது. இந்தத் தடுமாற்றத்தில் அடிபட்டவர்கள் பாத்தி வைத்திருந்த சின்னவர்கள்தான், அவர்களுக்குத் தெளிப்பான் வாங்கவும் அயோடேட் கிடைக்கவும் போதுமான உதவி போய்ச் சேரவில்லை என்பது என் கருத்தும்கூட. ஆனால் அது வியாபாரத்தை எப்படி நடத்தினார்கள் என்ற பிரச்சினை. குழந்தையின் உடம்புக்கு அயோடின் வேண்டுமா என்பது வேறு கேள்வி.

கட்டி பிடிக்காமல் இருக்கச் சேர்ப்பது பிடிக்கவில்லை என்றால் அயோடின் கலந்த கல்லுப்பே கிடைக்கிறது. வாலிநோக்கத்தில் உப்பெடுக்கும் தமிழ்நாடு அரசின் உப்பு நிறுவனமும் அயோடின் உப்பு விற்கிறது. அதனால் தூள் உப்பு, கல்லுப்பு என்று பிரித்துச் சண்டை போட வேண்டியதில்லை. பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று எழுதியிருக்கிறதா என்பதைப் பாருங்கள்.

தாத்தா பாட்டிகள் நன்றாக இருந்தார்கள் என்பதில் எனக்குச் சம்மதமில்லை. கழுத்து வீக்கத்துக்குக் கண்டமாலை என்று சித்த மருத்துவத்தில் பெயரே இருக்கிறது (வேறு கழுத்துக் கட்டிகளையும் சேர்த்து அப்படிச் சொன்னார்கள்). வெளியே தெரியும் வீக்கம் ஒரு பகுதிதான். பேறுகாலத்தில் குறைப்பிரசவம், மந்தமாகப் பிறந்த குழந்தை, காது கேளாத வாய் பேசாத குழந்தை, இவையெல்லாம் உப்போடு சம்பந்தப்பட்டவை என்று யாரும் அப்போது கணக்கு வைக்கவில்லை.

நம் நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. இமாச்சலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் 1956இல் தொடங்கியது, டாக்டர் வி. ராமலிங்கசுவாமி முன்னின்று நடத்தியது. பள்ளத்தாக்கை மூன்றாகப் பிரித்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் உப்பு, ஒரு பகுதிக்குச் சாதா உப்பு. ஒன்றில் பொட்டாசியம் அயோடைடு, இன்னொன்றில் பொட்டாசியம் அயோடேட். 5, 6 வருடத்தில் அயோடின் போன இரண்டு பகுதிகளிலும் கழலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்துவிட்டது, சாதா உப்புப் பகுதியில் குறையவே இல்லை. அதற்குமேல் அந்த மக்களைக் காக்கவைப்பது சரியில்லை என்று மூன்றாவது பகுதிக்கும் அயோடின் உப்பு கொடுத்தார்கள். 1962இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது இதை வைத்துத்தான். நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தாக்குப்பிடிப்பது அயோடேட் என்பதால் இன்றும் அதையே கலக்கிறார்கள்.

கம்பு விஷயம். கம்பைக் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. கம்பின் மேல்தோலில் உள்ள சில பொருட்கள் தைராய்டின் வேலையைத் தடுக்கும், சூடானின் டார்ஃபூர் பகுதியில் கம்பை அதிகமாகச் சாப்பிடும் ஊர்களில் கழலையும் அதிகம் என்று கண்டிருக்கிறார்கள். மரவள்ளியும் அந்த வகைதான், அதில் இருந்து உடம்பில் உண்டாகும் தயோசயனேட் அயோடினைத் தைராய்டுக்குள் நுழையவிடாமல் போட்டி போடும். முட்டைக்கோஸ், சோயாவையும் இந்தப் பட்டியலில் சொல்வார்கள். சிகரெட் புகையிலும் அதே தயோசயனேட் வருகிறது. ஆனால் இவையெல்லாம் அயோடின் போதாத இடத்தில்தான் பெரிய சேதம் செய்யும். கன்னியாகுமரிப் பக்கம் மரச்சீனிக் கிழங்கை மீன் குழம்போடுதான் சாப்பிடுவார்கள். கிழங்கு தடுப்பதைக் கடல் மீன் ஈடுகட்டிவிடும் என்று தெரிந்து செய்தார்களா என்று சொல்ல முடியாது, ஆனால் நல்ல சேர்க்கை அது. அலைவாய்க்கரை வீட்டில் நடந்திருப்பது வேறு. அயோடின் வருகிற வழிகள் ஒவ்வொன்றாக அடைபட்டுவிட்டன (மீன் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை, உப்பிலும் இல்லை), அதன்மேல் தினமும் கம்பு. அடிப்படைக் காரணம் உப்புதான். கம்பு அதன்மேல் ஏறிய கூடுதல் சுமை. உப்பை மாற்றிவிட்டு, கம்பைத் தினமும் என்பதற்குப் பதில் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வைத்துக்கொண்டால் போதும் என்று நினைக்கிறேன்.


ஓய்வுபெற்ற செவிலி:

அலைவாய்க்கரை, முதலில் பயப்படாதேம்மா. நான் 31 வருடம் கிராம சுகாதார செவிலியாக இருந்தவள், நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் கழுத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

முகாமில் எப்படிப் பார்ப்பார்கள் தெரியுமா? தைராய்டின் ஒவ்வொரு பக்கமும் அந்தப் பிள்ளையின் கட்டைவிரல் நுனிக் கணுவைவிடப் பெரிதாகத் தட்டுப்பட்டால் வீக்கம் என்று குறித்துக்கொள்வோம். தொட்டால் மட்டும் தெரிவது முதல் நிலை, நேராக நிற்கும்போதே கண்ணுக்குத் தெரிவது இரண்டாம் நிலை. முதல் நிலையில் கை தவறுவது உண்டு, ஒருவர் இருக்கிறது என்பார், இன்னொருவர் இல்லை என்பார். வயதுக்கு வரும் பருவத்தில் தைராய்டு கொஞ்சம் பெரிதாகத் தெரிவதும் உண்டு. அதனால் ரத்தப் பரிசோதனை செய்யாமல் எந்த முடிவுக்கும் வராதே. டிஎஸ்எச் (தைராய்டை வேலை வாங்கும் ஹார்மோன்), டி4 (தைராய்டு செய்யும் ஹார்மோன்) இரண்டும் பார்க்கச் சொல், தைராய்டுக்கு எதிரான ஆன்டிபாடியும் பார்த்துவிடச் சொல். டாக்டர் தேவை என்றால் ஸ்கேன் எழுதுவார்.

ஆன்டிபாடி எதற்கு என்றால், கம்பங்கொல்லை தம்பி கேட்டாரே, வீட்டுக்கு ஒருவர் தைராய்டு மாத்திரை போடுகிறார்கள் என்று. பெரியவர்களில், அதுவும் பெண்களில், நாம் இப்போது பார்க்கும் தைராய்டு குறைபாட்டில் பெரும்பகுதி உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்குவதால் வருவது. அது வேறு நோய். அயோடின் திடீரென்று கூடும் ஊர்களில் அது கொஞ்சம் அதிகமாகிறது என்று ஆராய்ச்சிகளில் சொல்லியிருக்கிறார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அதற்காக அயோடினையே நிறுத்தினால் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குத்தான் முதல் அடி. மாத்திரை போடுகிறவர்கள் அயோடின் உப்பை நிறுத்த வேண்டுமா என்று என்னிடம் கேட்காதவர்கள் இல்லை. வேண்டாம். தைராய்டு புற்றுநோய்க்குக் கதிரியக்க அயோடின் கொடுப்பதற்கு முன்னால் மட்டும் ஒன்றிரண்டு வாரம் நிறுத்தச் சொல்வார்கள், அதை மருத்துவமனையிலேயே சொல்லிவிடுவார்கள்.

கழுத்து ஏன் வீங்குகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைக்குப் புரியவைக்க உதவும். தைராய்டு செய்யும் ஹார்மோனில் அயோடின் ஒரு மூலப்பொருள், டி4 என்றால் அதில் 4 அயோடின் அணு. சரக்கு வராவிட்டால் ஹார்மோன் குறையும், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி இன்னும் வேலை செய் என்று டிஎஸ்எச்சை அதிகமாக அனுப்பும், தைராய்டு கிடைக்கிற கொஞ்சம் அயோடினையும் இழுத்துப் பிடிக்கத் தன்னைப் பெரிதாக்கிக்கொள்ளும். அதுதான் கழலை. சீக்கிரம் கவனித்தால் சின்னப் பிள்ளைகளுக்குச் சுருங்கிவிடும், பல வருடம் விட்டுவிட்டால் கட்டி கட்டியாகி அப்படியே நின்றுவிடும்.

இரும்புச்சத்தையும் கவனி. அயோடினை ஹார்மோனில் சேர்க்கும் நொதிக்கு இரும்பு வேண்டும். ரத்தசோகை இருக்கும் பிள்ளைக்கு அயோடின் மட்டும் கொடுத்தால் முழுப் பலன் வராது. பள்ளியில் வாரம் ஒரு தடவை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை நிறைய பெண் பிள்ளைகள் வயிறு வலிக்கிறது என்று துப்பிவிடுவார்கள், உன் மகள் சாப்பிடுகிறாளா என்று கேட்டுப் பார். சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொல்.

யாராவது அயோடின் சொட்டு, கடல்பாசி மாத்திரை என்று சொன்னால் வாங்கிக் கொடுத்துவிடாதே. அளவுக்கு மேல் போனாலும் தைராய்டு நின்றுபோகும், அல்லது தறிகெட்டு ஓடும். 70 வருடம் வாழ்ந்தாலும் ஒரு உடம்புக்குத் தேவைப்படும் மொத்த அயோடின் 4 கிராமுக்குள்தான், ஒரு டீஸ்பூன்கூட இல்லை. ஆனால் மொத்தமாகச் சாப்பிட்டுவிட்டு இருக்க முடியாது, தினமும் துளித்துளியாக வர வேண்டும். அதனால்தான் உப்பில் சேர்த்தார்கள், ஏழை பணக்காரர் எல்லாரும் தினமும் ஏறக்குறைய ஒரே அளவில் சாப்பிடும் பொருள் அது ஒன்றுதான்.


மெல்பர்ன் மல்லிகை:

நான் ஆஸ்திரேலியாவில் இருக்கிறேன், இங்கேயும் இதே பிரச்சினை வேறு வழியில் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

இங்கே முன்பெல்லாம் மக்களுக்கு அயோடின் பாலில் இருந்து கிடைத்திருக்கிறது, அதுவும் யாரும் திட்டமிடாமல். பால் பண்ணைகளில் கறவைப் பாத்திரங்களையும் மாட்டின் காம்புகளையும் அயோடின் கலந்த கிருமிநாசினியால் கழுவுவார்கள், அதில் கொஞ்சம் பாலில் சேர்ந்துவிடும். பிறகு பண்ணைகள் குளோரின் வகைக்கு மாறின, பாலில் அயோடின் குறைந்தது, 2000க்குப் பிறகு பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்தால் லேசான பற்றாக்குறை. 2009 அக்டோபரில் இருந்து ரொட்டியில் போடும் உப்பு அயோடின் உப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டுவிட்டார்கள், ஆர்கானிக் ரொட்டிக்கு மட்டும் விலக்கு.

இப்போது நம் ஆட்கள் வீட்டைப் பாருங்கள். ரொட்டி சாப்பிடுவது குறைவு, சோறும் தோசையும்தான். உப்பு, இந்தியக் கடையில் வாங்கும் இந்துப்பு. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று பாதாம் பால். நான் முதல் பிள்ளை உண்டானபோது அப்படியே இருந்தேன். இங்கே கர்ப்பிணிகள் தினமும் 150 மைக்ரோகிராம் அயோடின் மாத்திரை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அரசின் பரிந்துரை, என்னைப் பார்த்தவர்கள் யாரும் அதைச் சொல்லவில்லை, ஐந்தாம் மாதத்தில் ஒரு தோழி சொல்லித்தான் தெரிந்தது. வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கு முதல் மூன்று மாதம் தாயின் ஹார்மோன்தான் என்று பிறகு படித்தபோது அன்று முழுக்க அழுதேன். மகன் நன்றாக இருக்கிறான். இரண்டாவதுக்கு முதல் நாளில் இருந்தே எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டில் இருக்கும் பெண்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து உங்கள் உப்பு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்.


தென்றல்காற்று (கொழும்பு):

கரையோரம் என்றால் பயமில்லை எண்டு நினைக்க ஏலாது என்பதற்கு எங்கட நாடே சாட்சி. இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்தில்தான் கழலை அதிகமாக இருந்தது, அதற்குள் களுத்துறை மாவட்டம் கடலை ஒட்டித்தான் இருக்கிறது. அவ்வளவு மழை மண்ணைக் கழுவிக்கொண்டே போகுது. 1995இல் சனம் சாப்பிடும் உப்பு எல்லாத்துக்கும் அயோடின் சேர்க்கச் சட்டம் கொண்டுவந்தபிறகுதான் குறைஞ்சது. சகோதரி, உங்கட மகளுக்குச் சுகம் கிடைக்கும், கவலைப்படாதீங்கோ.


அலைவாய்க்கரை:

எல்லோருக்கும் நன்றி, மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன்.

ரத்தப் பரிசோதனை வந்துவிட்டது. டிஎஸ்எச் இருக்க வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் மேலே, டி4 சரியாக இருக்கிறது, ஆன்டிபாடி இல்லை. ஹீமோகுளோபின் குறைவு, செவிலியம்மா சொன்னது போலவே அந்த மாத்திரையை அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போட்டுவிட்டு வந்திருக்கிறாள். டாக்டர் இப்போதைக்குத் தைராய்டு மாத்திரை எழுதவில்லை. உப்பை மாற்றுங்கள், தயிராவது தினமும் கொடுங்கள், இரும்பு மாத்திரையை உங்கள் கண்முன்னால் போடவையுங்கள், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார். சிறுநீரில் அயோடின் பார்க்க முடியுமா என்று கேட்டேன். ஒரு ஊருக்கு மொத்தமாகப் பார்த்தால்தான் அதில் அர்த்தம், ஒரே பிள்ளைக்கு ஒரு தடவை பார்த்தால் நேற்று என்ன சாப்பிட்டாள் என்பது மட்டும்தான் தெரியும் என்று சொல்லிவிட்டார்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் உப்புச் சோதனைப் புட்டி இருந்தது. நான் மூன்று உப்பையும் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கொண்டுபோனேன். ஒரு சொட்டு விட்டதும் கடை பாக்கெட் உப்பு கருநீலமாக மாறியது. அண்ணாச்சி உப்பும் இந்துப்பும் வெள்ளை வெள்ளையாகவே இருந்தன. மகளையும் கூட்டிப்போயிருந்தேன், அவளே சொட்டு விட்டுப் பார்த்தாள்.

மாமியாரிடம் சொல்லத் தயங்கினேன், 40 வருடமாகச் சமைத்த உப்பு. அவர் ஒன்றும் கோபப்படவில்லை. தன் தங்கைக்குக் கழுத்து பெரிதாக இருந்ததையும் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் அதைச் சொல்லியே திரும்பிப்போனதையும் முதல் முறையாக எங்களிடம் சொன்னார்.

அண்ணாச்சி முந்தாநாள் வந்தார். மூட்டையைத் திருப்பிப் பார்த்தோம், அயோடின் கலக்காதது, தொழிற்சாலை உபயோகத்துக்கு என்றுதான் அச்சடித்திருந்தது. அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும், அவ்வளவு சின்ன எழுத்தை அவர் படித்ததே இல்லை. அவர் வீட்டிலும் இதே உப்புதானாம், மருமகள் இப்போது மூன்று மாதம். அயோடின் போட்ட கல்லுப்பு மூட்டை எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேட்டுக்கொண்டு நின்றார். வெள்ளைப்பாத்தி தம்பி, தூத்துக்குடியில் சில்லறை வியாபாரிகளுக்கு மூட்டைக் கணக்கில் கொடுக்கும் இடம் தெரிந்தால் சொல்லுங்கள், நான் அவரிடம் சொல்லிவிடுகிறேன்.


வெள்ளைப்பாத்தி:

தெரியும் அக்கா, தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன். மூட்டைக்குக் கொஞ்சம் விலை கூடும், அதனால் அண்ணாச்சி படிக்கு ஒன்றிரண்டு ரூபாய் ஏற்றித்தான் விற்க வேண்டிவரும், தெருவில் நாலு வீட்டில் நீங்கள் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவருக்கு நஷ்டம் வராது. மூட்டையை வெயிலில் வைக்க வேண்டாம், சாக்குக்கு உள்ளே பிளாஸ்டிக் உறை இருக்கிற மாதிரி வாங்கச் சொல்லுங்கள். அவர் மருமகளை இப்போதே சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகவும் சொல்லிவிடுங்கள்.